இதுக்கு இங்கிலீஷ்ல ஒரே வார்த்தை என்ன? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகக் கடிதம், மொழிபெயர்ப்பு, போட்டித் தேர்வு, விசா விண்ணப்பம் என்று ஏதோ ஒன்றுக்காக ஒற்றை ஆங்கிலச் சொல்லைத் தேடி அலைகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். எழுத்துக்கூட்டை அகராதியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சாக்கில் அகராதியைத் திறந்த மாதிரியும் ஆயிற்று.

மனசில் பொருள் தெளிவாக இருக்கிறது, வார்த்தைதான் வரவில்லை. எங்கே தொடங்குவது?

பொருள் தெளிவாக இருக்கிறது என்பதையே முதலில் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் நம்மிடம் இருப்பது ஒரு தமிழ்ச் சொல்; அதற்குள் நாலைந்து பொருள் குடியிருக்கும்.

‘கூச்சம்’ என்பதை எடுத்துக்கொள்வோம். மேடையேறக் கூச்சப்படுவது ஒருவரின் சுபாவம் என்றால் ‘ஷை’. எல்லாரும் தன்னையே பார்ப்பதுபோல் அந்த நேரத்துக்கு மட்டும் தோன்றினால் ‘செல்ஃப்-கான்ஷியஸ்’. இடுப்பில் விரல் வைத்தாலே நெளிகிற பிள்ளை ‘டிக்லிஷ்’. ஐஸ் வாட்டர் பட்டால் கூசுகிற பல் ‘சென்சிடிவ்’. ஜி.எஸ்.டி. ரோட்டில் எதிரே வரும் லாரியின் ஹைபீமில் கண் கூசினால், அந்த வெளிச்சம் ‘க்ளேர்’, அது கண்ணுக்குச் செய்கிற வேலை ‘டாஸில்’. கண் டாக்டர் எழுதும் நோய்க்குறி ‘ஃபோட்டோஃபோபியா’. பழகியவரிடம் கடன் கேட்கக் கூசினால் ‘ஆக்வர்ட்’. சொல்லவே நாக்கு கூசினால் ‘அஷேம்ட்’. ஆக, ‘கூச்சத்துக்கு இங்கிலீஷ் என்ன’ என்று கேட்டால் யாரும் சரியாகப் பதில் சொல்ல முடியாது.

அதனால் முதல் வேலை, சொல் உட்காரப்போகும் முழு வாக்கியத்தையும் தமிழில் எழுதுவது. அதன் கீழே நான்கு குறிப்பு: யாருக்கு அல்லது எதற்கு இந்தச் சொல்; பெயர்ச்சொல் வேண்டுமா, வினையா, பெயரடையா; பாராட்டா, குறையா, இரண்டும் இல்லாததா; எழுதப்போவது வாட்ஸ்அப்பா, வக்கீல் நோட்டீஸா. இதற்கு 2 நிமிடம் ஆகும். இதைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் அரைமணி நேரம் அகராதியைப் புரட்டுகிறார்கள்.

ரிவர்ஸ் டிக்‌ஷனரி என்கிறார்களே, அதில் எப்படித் தேடுவது?

பொருளைக் கொடுத்தால் சொல்லைத் தரும் அகராதி அது. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில் ஒன்லுக் தளம் நன்றாக வேலை செய்கிறது. தேடும்போது ‘ஒன் வேர்ட் ஃபார்’ என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த மூன்று சொல்லும் வீண். முதலில் வகை, பிறகு அதைப் பிரித்துக் காட்டும் அடையாளம் என்று 3 முதல் 6 சொற்கள் போதும். ‘ஆள் – காசு செலவழிக்க மனசில்லாத’, ‘அறை – காற்றோட்டம் இல்லாத’ என்கிற மாதிரி, எளிய ஆங்கிலத்தில்.

‘நாட்’ போட்டு எதிர்மறையாகத் தேடினால் நேர் எதிரான சொற்களும் கூடவே கொட்டும். ‘பயப்படாத’ என்பதைத் தேடாமல் ‘துணிச்சலான’ என்று தேடுங்கள். முடிவுகளைப் பெயர், வினை, பெயரடை என்று வடிகட்டும் வசதியும் உண்டு. முதல் எழுத்து மட்டும் நாக்கு நுனியில் நிற்கிறதா? அந்த எழுத்து, நட்சத்திரக் குறி, முக்காற்புள்ளி, அதன் பிறகு பொருள் என்று அடித்தால் அந்த எழுத்தில் தொடங்கும் சொற்கள் மட்டும் வரும். இதைப் பலரும் பயன்படுத்துவதே இல்லை.

இந்த உத்தி நமக்குப் புதிதும் அல்ல. மெரினாவில் சிலையாக நிற்கிறாரே வீரமாமுனிவர், அவர் 1732இல் செய்த சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதி கொண்டது. பெயர்ப் பகுதியில் சொல்லைத் தேடிப் பொருளைப் பார்க்கலாம். பொருள் பகுதியில் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைப் பார்க்கலாம். நாம் இன்றைக்குத் தேடுவது அந்த இரண்டாவது கதவைத்தான்.

தெசாரஸ் இருந்தால் போதாதா?

போதாது. ரோஜே என்ற மருத்துவர் 1852இல் வெளியிட்ட தெசாரஸ் ஏறக்குறைய நம் நிகண்டு மாதிரி: அகரவரிசையை விட்டுவிட்டு, கருத்துவாரியாகச் சொற்களைக் கூட்டம் கூட்டமாக நிறுத்தும். கூட்டத்துக்குள் யார் எப்படிப்பட்டவர் என்று சொல்லாது. ‘ஒல்லி’ என்ற கூட்டத்தில் ‘ஸ்லிம்’, ‘லீன்’, ‘ஸ்கின்னி’, ‘எமேஷியேட்டட்’ எல்லாம் தோளோடு தோள் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மணமகள் தேவை விளம்பரத்தில் முதலாவது சரி. மூன்றாவதைப் போட்டால் கேலி. நான்காவது, பட்டினியாலோ நோயாலோ எலும்பும் தோலுமானவரைச் சொல்வது. மறந்துபோன சொல்லை ஞாபகப்படுத்திக்கொள்ள தெசாரஸ் நல்ல துணை. தெரியாத சொல்லை அதிலிருந்து எடுத்து அப்படியே போடக்கூடாது.

சென்னைப் புழுக்கத்துக்குச் சரியான சொல் எது? ‘ஹாட்’ என்றால் போதவில்லை.

‘ஹ்யூமிட்’ என்பது வானிலை அறிக்கைச் சொல். காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதோடு அது நின்றுவிடும். அலுப்பும் எரிச்சலும் அதில் இல்லை. சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும் அந்த அவஸ்தையையும் சேர்த்துச் சொல்வது ‘மக்கி’. இரண்டு ‘ஜி’ போட்டு எழுதுவது. ‘சல்ட்ரி’ கொஞ்சம் ஏட்டு மணம் உள்ளது: வெக்கை, ஈரம், அசையாத காற்று மூன்றும் சேர்ந்தது. வானிலைக்கு அது பொருந்தும். ஆனால் ஒரு பெண்ணை ‘சல்ட்ரி’ என்றால் அது காமக் கவர்ச்சியைச் சொல்வதாகிவிடும். ஜன்னல் சாத்திய அறைக்கும் நெரிசலான ரயில் பெட்டிக்கும் ‘ஸ்டஃபி’. கத்தரி வெயிலுக்கு ‘ஸ்கார்ச்சிங்’; கடற்காற்று வரத் தாமதமாகிற நாளில் உடம்பு வெந்துபோகும் சூட்டுக்கு ‘ஸ்வெல்டரிங்’. வியர்வையில் நனைந்த ஆள் ‘ஸ்வெட்டி’. அது வானிலைக்குரிய சொல் அல்ல.

இரவு பத்து மணிக்கு மின்சாரம் போய், ஃபேன் நின்று, வெளியிலும் இலை அசையவில்லை என்றால்? வெளியே ‘மக்கி’, உள்ளே ‘ஸ்டஃபி’. தமிழில் இரண்டுக்கும் புழுக்கம்தான்.

முதல் மழையில் வரும் மண்வாசனைக்கு?

‘பெட்ரிகோர்’. ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் பேரும் ரிச்சர்ட் தாமஸும் 1964இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரையில் உருவாக்கிய சொல். கிரேக்கத்தில் கல்லைக் குறிக்கும் சொல்லையும், தேவர்களின் உடலில் ஓடும் திரவத்தைக் குறிக்கும் சொல்லையும் ஒட்டிச் செய்தது. சொல் சரி. ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர்களிலேயே பலருக்கு இது தெரியாது. கட்டுரையில் போட்டால் அடுத்த வரியில் மழை தெரியும்படி எழுதுங்கள். பேச்சில் ‘த ஸ்மெல் ஆஃப் ரெயின்’ போதும்.

ஊசிப்போனது, நமுத்துப்போனது, சிக்கு வாடை – சாப்பாட்டுச் சொற்கள் எல்லாமே ‘ஸ்பாயில்ட்’தானா?

எல்லாவற்றுக்கும் ‘ஸ்பாயில்ட்’ என்று எழுதினால் தவறில்லை, ருசியும் இல்லை. ஆங்கிலத்தில் ஒவ்வொரு பண்டத்துக்கும் அதற்கென்று ஒட்டிக்கொண்ட சொல் உண்டு. சிக்கு வாடை அடிக்கும் எண்ணெய், தேங்காய், வேர்க்கடலை எல்லாம் ‘ரான்சிட்’. எண்ணெய்ப்பசை உள்ள பண்டத்துக்கு மட்டுமே இது பொருந்தும், சாம்பாருக்குப் பொருந்தாது. ஊசிப்போன சாம்பாருக்குப் பேச்சில் ‘கான் ஆஃப்’. திரிந்த பால் ‘கர்டில்ட்’. அழுகிய முட்டை ‘ராட்டன்’. நேற்றைய ரொட்டி ‘ஸ்டேல்’. மாவு புளித்தால் ‘ஃபெர்மென்டட்’. அது நல்ல விஷயம். அளவுக்கு மீறிப் புளித்தால் ‘ஓவர்-ஃபெர்மென்டட்’. கருணைக்கிழங்கு தொண்டையில் காறினால் ‘ஆக்ரிட்’. வாழைப்பூவின் துவர்ப்பு ‘அஸ்ட்ரிஞ்ஜென்ட்’.

நமுத்துப்போன அப்பளம்தான் வம்பு. பலரும் ‘சாகி’ என்று எழுதுகிறார்கள். அது நீரில் ஊறிக் கொழகொழத்ததைச் சொல்லும்: சாம்பாரில் அரைமணி கிடந்த வடை ‘சாகி’. அப்பளம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மொறுமொறுப்பை விட்டது, அவ்வளவுதான். ‘கான் சாஃப்ட்’ என்று சொல்லலாம். முறுக்குப் பாக்கெட்டின் மேல் அச்சடிக்க வேண்டுமென்றால் வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள்: ‘க்ரிஸ்ப்னெஸ்’ போய்விடும், காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள் என்று. நமுத்தலுக்குச் சொல் கிடைக்காத இடத்தில் மொறுமொறுப்புக்குச் சொல் இருக்கிறது.

இன்னொன்று ‘முற்றல்’. முற்றின தேங்காய் ‘மெச்சூர்’, அது பாராட்டு. கோயம்பேட்டில் நுனியை ஒடித்துப் பார்த்து ஒடியாமல் வளைகிற வெண்டைக்காய் ‘ஃபைப்ரஸ்’ அல்லது ‘டஃப்’, அது புகார். முற்றின கத்தரிக்காய் ‘சீடி’. பிஞ்சு எதுவானாலும் ‘டெண்டர்’.

‘ஐ ஹாவ் எ டவுட்’ தப்பா?

இந்தியாவுக்குள் எல்லாருக்கும் புரியும். வெளியே போனால், நீங்கள் அவர்களை நம்பவில்லை என்று படலாம். விளக்கம் கேட்க ‘கொஸ்டின்’ போதும். அலுவல் கடிதத்தில் ‘க்வெரி’.

அதைவிடப் பெரிய குழி, வினைச்சொல்லாக வரும்போது. ‘ஐ டவுட் ஹி வில் கம்’ என்றால் அவர் வரமாட்டார் என்று நினைக்கிறேன். ‘ஐ சஸ்பெக்ட் ஹி வில் கம்’ என்றால் அவர் வருவார் என்றுதான் நினைக்கிறேன். தமிழில் இரண்டுக்கும் சந்தேகம். ஆங்கிலத்தில் நேர் எதிர். பணம் ஏற்கெனவே இரண்டு தடவை போய்விட்டதோ என்று சந்தேகப்பட்டு ‘வீ டவுட்’ என்று எழுதினால், போகவில்லை என்று நாம் நம்புவதாகப் படிப்பவர் எடுத்துக்கொள்வார். அங்கே வேண்டியது ‘வீ சஸ்பெக்ட்’.

‘உங்கள் மெயிலைக் கவனிக்கவில்லை’ என்பதற்கு ‘இக்னோர்’ போடலாமா?

கூடாது. ‘இக்னோர்’ என்றால் பார்த்தும் வேண்டுமென்றே கண்டுக்காமல் விட்டது. கண்ணில் படாமல் போனதற்கு ‘மிஸ்’ அல்லது ‘ஓவர்லுக்’. செய்ய வேண்டிய கடமையைச் செய்யாமல் விட்டதற்கு ‘நெக்லெக்ட்’. இந்த மூன்றையும் மாற்றிப் போட்டுத்தான் பல மன்னிப்புக் கடிதங்கள் புதுச் சண்டையில் முடிகின்றன.

சகலை, ஓரகத்தி, சம்பந்தி, நாத்தனார் – விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

‘கோ-பிரதர்’, ‘கோ-சிஸ்டர்’ நம்மூர் ஆங்கிலம். வெளிநாட்டு விசா அதிகாரிக்கு விளங்காது. நாத்தனார், கொழுந்தன், மச்சான் எல்லாரும் அங்கே ‘சிஸ்டர்-இன்-லா’, ‘பிரதர்-இன்-லா’ என்ற இரண்டே பெட்டியில் அடங்கிவிடுவார்கள். உறவு துல்லியமாகத் தெரிய வேண்டிய இடத்தில் ஒற்றைச் சொல்லை விட்டுவிட்டு ‘ஹஸ்பண்ட்ஸ் சிஸ்டர்’, ‘வைஃப்ஸ் சிஸ்டர்ஸ் ஹஸ்பண்ட்’ என்று வழியைச் சொல்லுங்கள். சம்பந்திக்குப் புழக்கத்தில் உள்ள ஒற்றைச் சொல் கிடையாது: ‘மை டாட்டர்ஸ் ஃபாதர்-இன்-லா’. ‘கசின் பிரதர்’ வேண்டாம், ‘கசின்’ போதும்.

தமிழிலிருந்து போன சொற்களை அப்படியே பயன்படுத்தலாமா?

பார்த்துச் செய்யுங்கள், போன இடத்தில் பொருள் மாறியிருக்கும். வெட்டிவேர் ஆங்கிலத்திலும் ‘வெட்டிவர்’தான், சிக்கல் இல்லை. சுருட்டு ‘ஷெரூட்’ ஆனதும் சரி. கட்டுமரம் ‘கட்டமரன்’ ஆனது. ஆனால் அந்தச் சொல்லைப் படிக்கும் வெளிநாட்டுக்காரர் கண்ணில் இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகு நிற்கும். மரங்களைக் கயிற்றால் கட்டிய நம் மீனவரின் கட்டுமரத்துக்கு ‘லாக் ராஃப்ட்’ என்று ஒருமுறை விளக்கிவிடுங்கள். மிளகுத்தண்ணியிலிருந்து வந்த ‘மல்லிகடானி’ கெட்டியான சூப். ரசத்துக்கு அதைப் போட்டால் ரசம் கோபித்துக்கொள்ளும். கஞ்சி தந்த ‘காஞ்ஜி’ இன்று பலருக்கும் சீனத்து அரிசிக் கஞ்சியை நினைவூட்டும்.

ப்ரீபோன், பாஸ் அவுட், டிக்கி, ஸ்டெப்னி?

உள்ளூரில் தாராளமாகச் சொல்லலாம். ‘ப்ரீபோன்’ ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே இருக்கிறது. இருந்தாலும் வெளிநாட்டுக்கு ‘பிரிங் ஃபார்வர்ட்’. ‘பாஸ் அவுட்’ அங்கே மயங்கி விழுவது; பட்டத்துக்கு ‘க்ராஜுவேட்’. டிக்கி பிரிட்டனில் ‘பூட்’, அமெரிக்காவில் ‘ட்ரங்க்’. ஸ்டெப்னி, வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் தொடங்கிய நிறுவனத்தின் பெயர். இன்றைக்கு ‘ஸ்பேர் வீல்’.

கிடைத்த சொல் சரிதானா என்று எப்படி உறுதிசெய்வது?

முதலில், ஆங்கிலம் கற்போருக்கென்றே செய்த ‘லேர்னர்ஸ்’ அகராதி. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றும் இணையத்தில் இலவசம். பொருளைப் படித்ததும் மூடிவிடாமல், பக்கத்தில் சாய்வெழுத்தில் இருக்கும் முத்திரையைப் பாருங்கள்: ‘ஃபார்மல்’, ‘லிட்டரரி’, ‘ஓல்ட்-ஃபேஷன்ட்’, ‘டிஸ்அப்ரூவிங்’. சிக்கனக்காரரைப் பாராட்ட நினைத்து ‘ஸ்டிஞ்ஜி’ போட்டவர்கள் அங்கே ஒருமுறை பார்த்திருந்தால் ‘த்ரிஃப்டி’க்கு மாறியிருப்பார்கள்.

அடுத்து ஜோடி. சொல்லையும் அதன் பக்கத்துச் சொல்லையும் இரட்டை மேற்கோளுக்குள் போட்டுத் தேடுங்கள். கூகுள் காட்டும் எண்ணிக்கையை நம்ப வேண்டாம், அது தோராயம். வருகிற வரிகளைப் படியுங்கள். இன்னும் உறுதி வேண்டுமானால் கார்ப்பஸ் இருக்கிறது, அதாவது மக்கள் நிஜமாக எழுதியதையும் பேசியதையும் சேர்த்துவைத்த உரைத்தொகுப்பு. பிரிட்டிஷ் தேசியக் கார்ப்பஸில் 10 கோடிச் சொற்கள். கோக்கா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கக் கார்ப்பஸில் 100 கோடிக்கு மேல். பதிவு செய்துகொண்டால் தினசரி வரம்புக்குள் இலவசமாகத் தேடலாம். மழை ‘ஹெவி’, காற்று ‘ஸ்ட்ராங்’ என்பதெல்லாம் இலக்கண விதியால் வருவதல்ல, பழக்கத்தால் வருவது. பழக்கத்தை அங்கேதான் பார்க்க முடியும்.

பிறகு அந்தச் சொல்லுக்குப் பின்னால் எது வரும், பன்மை உண்டா என்று பாருங்கள். ‘டிஸ்கஸ்’ பின்னால் ‘அபவுட்’ வராது. ‘அட்வைஸ்’, ‘ஃபர்னிச்சர்’ இரண்டுக்கும் ‘எஸ்’ சேராது. சொல் சரியாக இருந்தும் வாக்கியம் நொண்டுவது பெரும்பாலும் இங்கேதான்.

போட்டித் தேர்வில் வரும் ‘ஒன் வேர்ட் சப்ஸ்டிடியூஷன்’ பகுதிக்கு எப்படிப் படிப்பது?

பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட வேர்களைப் பிடிப்பது லாபம்: ‘-சைட்’ கொலை, ‘-ஃபோபியா’ அச்சம், ‘-க்ரசி’ ஆட்சி, ‘-வோரஸ்’ தின்பது. கேள்வியின் முதல் இரண்டு சொல்லே விடையின் வாலைக் காட்டும்: ‘எ பர்சன் ஹூ’ என்றால் ‘-இஸ்ட்’ மாதிரி ஆள் விகுதி, ‘எ ப்ளேஸ்’ என்றால் இடம். ஆனால் தேர்வு வைப்பவர்கள் பொறி வைப்பது ஜோடிகளில். ‘ஏவியரி’ பறவைக்கு; வண்டலூர் பூங்காவில் உள்ளே நடந்துபோய்ப் பார்ப்பது அதுதான். ‘ஏபியரி’ தேனீக்கு, ‘ஏப்’ என்று கேட்கிறதே என்று குரங்கை டிக் அடிக்காதீர்கள். ‘பையென்னியல்’ 2 ஆண்டுக்கு ஒருமுறை, ‘பையானுவல்’ ஓர் ஆண்டில் 2 முறை. நாட்டைவிட்டுப் போகிறவர் ‘எமிக்ரன்ட்’, அதே ஆள் போய் இறங்கிய நாட்டில் ‘இமிக்ரன்ட்’. வாசிக்க முடியாத கையெழுத்து ‘இல்லெஜிபிள்’, தகுதியில்லாதவர் ‘இன்எலிஜிபிள்’. ஒரு நாளைக்கு 10 ஜோடி, ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம்.

கூகுள் டிரான்ஸ்லேட், ஏ.ஐ. இருக்கும்போது இவ்வளவு சிரமம் எதற்கு?

ஒற்றைத் தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் டிரான்ஸ்லேட் அதிகம் புழங்கும் பொருளை எடுத்து நீட்டும். ‘கூச்சம்’ என்று தட்டினால் உங்கள் பல்லைப் பற்றி அதற்கு எப்படித் தெரியும்? முழு வாக்கியத்தைக் கொடுங்கள். ஏ.ஐ.யிடம் ஒரு சொல் கேட்காமல் மூன்று கேளுங்கள். மூன்றும் எங்கே பொருந்தாது என்றும் கேளுங்கள். வந்ததை அகராதியில் பார்க்காமல் அனுப்பாதீர்கள், இல்லாத சொல்லையும் அது நம்பும்படி சொல்லும்.

இன்ஸ்டாகிராமில் சுற்றும் ‘அழகான அரிய சொற்கள்’ பட்டியலுக்கும் இதே எச்சரிக்கை. எதிரே போகிற ஒவ்வொருவருக்கும் நம்மைப் போலவே ஒரு முழு வாழ்க்கை உண்டு என்று உறைக்கும் உணர்வுக்கான ‘சோண்டர்’ 2012இல் இணையத்தில் ஒருவர் புனைந்தது. கவிதையில் வைத்துக்கொள்ளலாம்; அலுவலகக் கடிதத்தில் வேண்டாம்.

தமிழ்–ஆங்கில அகராதிகளில் எதை நம்பலாம்?

நோக்கத்தைப் பொறுத்தது. ஃபப்ரிசியஸின் அகராதி 1779இல் நம் வேப்பேரியில் அச்சானது. வின்ஸ்லோவின் அகராதி 1862. இரண்டும் புதையல்தான், ஆனால் அவற்றில் இருப்பது அந்தக் காலத்து ஆங்கிலம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, ஒரு தமிழ்ச் சொல்லின் பொருள்களை எண்ணிட்டுப் பிரித்து ஆங்கிலத்திலும் தமிழிலும் தரும். உங்கள் சொல் எத்தனை பொருளாகப் பிரிகிறது என்று பார்க்க அதைவிட நல்ல இடமில்லை. இவை மூன்றையும் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். இன்றைய வழக்குக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. ஆங்கில இணைச்சொல்லும் எடுத்துக்காட்டு வாக்கியமும் உண்டு. அச்சில் புரட்ட எழும்பூர் கன்னிமரா நூலகமோ கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமோ போகலாம். திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் பழைய அகராதி வாங்குவதானால், உள்ளே எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்கிறதா, கடைசிப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வாக்கியம் இல்லாத பாக்கெட் அகராதி இந்த வேலைக்கு ஆகாது.

எவ்வளவு தேடியும் ஒற்றைச் சொல் கிடைக்கவில்லையே?

இல்லாமலே இருக்கலாம். ‘எச்சில்’ வாயில் இருக்கும்வரை ‘சலைவா’. வாய் வைத்த டம்ளருக்கு ஆங்கிலத்தில் சொல் இல்லை, ஏனென்றால் அந்த நினைப்பே அங்கே இல்லை. ‘ஸம்வன் ஹாஸ் ட்ரங்க் ஃப்ரம் திஸ்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். ‘ஒரே அலைச்சல்’ என்பதற்கு ‘எ லாட் ஆஃப் ரன்னிங் அரவுண்ட்’. ஐந்து சொல் ஆனாலும் பரவாயில்லை, அப்படித்தான் அவர்களும் சொல்கிறார்கள்.

நாளை மறுநாளுக்கு ‘ஓவர்மாரோ’ என்று ஒரே சொல் இருக்கிறதாமே?

16ஆம் நூற்றாண்டில் இருந்தது. இன்றைக்கு அந்தச் சொல்லைப் போட்டு மீட்டிங் வைத்தால் நீங்கள் மட்டும்தான் உட்கார்ந்திருப்பீர்கள். ‘டே ஆஃப்டர் டுமாரோ’ என்று எழுதி, பக்கத்தில் தேதியையும் போடுங்கள்.